பிள்ளைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஒரு பூட்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காயங்களால் இறக்கும் பிள்ளைகளின் கணக்கில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தில் இருந்த மோட்டார் வாகன விபத்தை 2020ஆம் ஆண்டில் துப்பாக்கி பின்னுக்குத் தள்ளியது. 1 முதல் 19 வயது வரையிலானோரை ஒரே தொகுதியாகக் கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஓராண்டில் மட்டும் 4,300க்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் இறந்தனர். புற்றுநோயோ, நீரில் மூழ்குதலோ, தீயோ, வாகனமோ அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. மறு ஆண்டில், பச்சிளங்குழந்தை முதல் 19 வயது வரை கணக்கிட்டபோது, அது 4,752 ஆக இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதினரைப் பிள்ளைகளாகக் கொள்வது தகுமா என்று கேட்போர் உண்டு; அவர்களை விலக்கி 17 வயதோடு நிறுத்திக்கொண்டாலும் 2022ஆம் ஆண்டின் எண்ணிக்கை 2,526, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு பிள்ளைகள்.

வேறு செல்வ நாடுகளில் இந்த நிலை இல்லை. 2016ஆம் ஆண்டின் தரவுகளை ஒப்பிட்டு அதே பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அமெரிக்கப் பிள்ளைகள் துப்பாக்கியால் இறக்கும் விகிதம் பன்னிரண்டு உயர்வருமான நாடுகளின் மொத்த விகிதத்தைப் போல் 36.5 மடங்கு என்று காட்டியது. மனநோயும், குடும்பச் சச்சரவும், பள்ளியில் நேரும் அவமானமும், வன்முறை மலிந்த திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் அந்தப் பன்னிரண்டு நாடுகளிலும் குறைவின்றி உள்ளன. அங்கே பெரிதும் இல்லாதது, பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடக்கும் வீடு. இந்த எளிய வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு செயற்பட்ட தடுப்பு முயற்சிகள் பலன் தந்திருக்கின்றன. அதை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையின் அறிவையும் அடக்கத்தையும் மட்டும் நம்பிய முயற்சிகள் பெரும்பாலும் தோற்றிருக்கின்றன.

வாகனத்துக்கு நடந்தது, துப்பாக்கிக்கு நடக்காதது

துப்பாக்கி முதலிடத்துக்கு வந்ததற்குத் துப்பாக்கி மரணங்கள் கூடியது பாதிக் காரணம். வாகன மரணங்கள் பல ஆண்டுகளாகக் குறைந்து வந்தது மறு பாதி. மோட்டார் வாகனங்களின் வடிவமைப்புக் குறைகளை அம்பலப்படுத்தி ரால்ஃப் நேடர் எழுதிய நூல் 1965இல் வெளிவந்ததும், மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புக்கான தேசியச் சட்டம் இயற்றப்பட்டது. 1978இல் டென்னசி மாநிலம் குழந்தைகளுக்கான தனி இருக்கையை வாகனங்களில் கட்டாயமாக்கியது. 1985க்குள் எல்லா மாநிலங்களும் அவ்வாறே சட்டம் செய்தன. இருக்கைப்பட்டை, காற்றுப்பை, நொறுங்கி அதிர்ச்சியை உள்வாங்கும் முன்பகுதி, சாலைத் தடுப்பு எனப் பாதுகாப்பு படிப்படியாகச் சேர்ந்தது. இவ்வளவுக்கும் எவருடைய வாகனமும் பறிக்கப்படவில்லை. ஓட்டுநர் தவறு செய்வார் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு உயிரைக் குடிக்காதபடி பொருளையும் சூழலையும் மாற்றியமைப்பதே பொதுச் சுகாதார அணுகுமுறை எனப்படுவது. நோய்க்கிருமியைப் போலவே காயத்துக்கும் காரணி, கடத்தும் பொருள், சூழல் என மூன்றும் உண்டு என்றும், அவற்றில் எளிதில் மாற்றக்கூடியதை முதலில் மாற்ற வேண்டும் என்றும் அது கருதுகிறது. மாத்திரைப் புட்டிகளுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி வந்தது 1970ஆம் ஆண்டின் சட்டத்தால் என்பதும் இந்த அணுகுமுறையின் வரலாற்றில் அடங்கும்.

துப்பாக்கி மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. நுகர்பொருள்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க 1972இல் அமைக்கப்பட்ட ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து துப்பாக்கிகள் சட்டப்படியே விலக்கப்பட்டதால், பொம்மைத் துப்பாக்கியின் உதிரிப்பாகம் குழந்தையின் தொண்டையில் சிக்குமா என்று ஆராயும் உரிமை பெற்ற அந்த ஆணையத்துக்கு, உண்மைத் துப்பாக்கியைக் குழந்தை சுட முடியுமா என்று கேட்கும் உரிமை இல்லை. கேட்கத்தக்க கேள்விதான் அது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1880களிலேயே, கைப்பிடியை இறுக அழுத்திப் பிடித்தால் மட்டுமே சுடும் கைத்துப்பாக்கியை உருவாக்கி, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையால் அதை இயக்க இயலாது என்று விளம்பரமும் செய்தது. நூறாண்டுக்குப் பின், 1991இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் செய்த ஆய்வு, சிறு குழந்தையால் இயக்க முடியாத தடுப்பமைப்பும், உள்ளே தோட்டா இருப்பதை வெளியே காட்டும் குறியீடும் எல்லாத் துப்பாக்கிகளிலும் இருந்தால் தவறிச் சுடுவதால் நேரும் மரணங்களில் 31 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்று கணித்தது. ஆயினும் அவை நாடு முழுமைக்கும் கட்டாயமாகவில்லை. 2005ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குற்றவாளிகள் துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக அதைத் தயாரித்தவர் மீதும் விற்றவர் மீதும் இழப்பீட்டு வழக்குத் தொடுப்பதைப் பெரிதும் தடுத்துவிட்டது. வாகன உற்பத்தியாளர்களை வழிக்குக் கொண்டுவந்த நீதிமன்றப் பாதையும் அதனால் குறுகிப்போனது.

அறிவைத் தேடும் பாதையும் அடைபட்டிருந்தது. வீட்டில் துப்பாக்கி இருப்பது அவ்வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று ஆர்தர் கெல்லர்மனும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு துப்பாக்கி ஆதரவு அமைப்புகளின் சினத்தைக் கிளப்ப, 1996இல் ஆர்கன்சா மாநில உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் அறியப்படும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் காயத்தடுப்பு நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் வாசகம். ஆராய்ச்சியை அது நேராகத் தடை செய்யவில்லை. ஆனால் துப்பாக்கி ஆராய்ச்சிக்கு முந்திய ஆண்டு செலவான 26 லட்சம் டாலர் அம்மையத்தின் நிதியிலிருந்து கழிக்கப்பட்டதால், குறிப்பை உணர்ந்த அதிகாரிகள் இருபதாண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையைத் தொடவே அஞ்சினர். 2012இல் டிக்கியே மனம் மாறி, முன்பு தம் எதிரணியில் நின்ற காயத்தடுப்பு மைய இயக்குநர் மார்க் ரோசன்பெர்க்குடன் சேர்ந்து, இந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று நாளிதழில் எழுதினார் என்பது அமெரிக்க அரசியலில் அரிதாகக் காணக்கூடிய நேர்மை. 2019 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் மீண்டும் 2.5 கோடி டாலர் ஒதுக்கியது.

மூன்று மரணங்கள், மூன்று வழிகள்

துப்பாக்கி மரணம் என்று ஒரே பெயரில் குறிக்கப்படுவது உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று துயரங்களின் தொகுப்பு. 2021ஆம் ஆண்டின் 4,752 மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொலைகள்; பத்தில் மூன்று தற்கொலைகள்; நூற்றில் நான்குக்கும் குறைவானவையே தவறிச் சுடுவதால் நேர்ந்தவை. கொலையுண்டோரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினப் பிள்ளைகள். தற்கொலை செய்துகொண்டோரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் வெள்ளையினப் பிள்ளைகள். உலகத் தொலைக்காட்சிகளை நிறைக்கும் பள்ளிப் படுகொலைகள் இந்த மொத்தத்தில் மிகச் சிறிய பங்கே ஆகும். 2012இல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும், 2022இல் யுவால்டியில் 19 குழந்தைகளும் கொல்லப்பட்டதன் கொடுமையை இது குறைத்துவிடவில்லை. ஆனால் தடுப்பு முயற்சிகளைப் பள்ளி வாசலில் உலோக உணர்கருவி வைப்பதோடு நிறுத்திக்கொண்டால், இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதன் காவலுக்கு வெளியேதான் இருப்பர்.

தவறிச் சுடும் நிகழ்வுகள் எண்ணிக்கையில் குறைவாயினும், துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதை அவையே மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. 2003 முதல் 2021 வரை 18 வயதுக்குட்பட்டோர் 1,262 பேர் இவ்வாறு இறந்ததை நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தபோது, 85 விழுக்காட்டு மரணங்கள் வீட்டுக்குள்ளேயே நேர்ந்திருந்தன. மூன்றில் இரண்டு நிகழ்வுகளில் சுட்டவர் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டோ பிறருக்குக் காட்டிக்கொண்டோ இருந்தார். துப்பாக்கி வைக்கப்பட்டிருந்த முறை தெரியவந்த நிகழ்வுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றில் அது பூட்டப்படாமலும், ஏறத்தாழ அதே அளவில் தோட்டா நிரப்பப்பட்டும் இருந்தது. பிள்ளைகள் அதை எடுத்த இடங்களில் முதன்மையானது படுக்கையருகே இருக்கும் சிறு மேசையும் படுக்கையின் சுற்றுப்புறமும். இரவில் திருடன் வந்தால் கைக்கெட்ட வேண்டும் என்று தந்தை வைத்த இடம், பகலில் பிள்ளையின் கைக்கும் எட்டும் இடமாகிவிடுகிறது. அந்தக் கைக்குப் போதிய வலுவும் உண்டு: 1990களில் நடந்த ஓர் அளவீட்டின்படி, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளில் கால் பங்கினரும், ஏழு எட்டு வயதினரில் பத்தில் ஒன்பது பேரும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் விசையை இரு விரல்களால் இழுத்துவிடக் கூடியவர்கள்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கப் பெற்றோரில் பலர் இந்தக் கேள்விக்கு ஆம் என்றே விடை சொல்வர். 1988இல் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தொடங்கிய, கழுகுப் பொம்மை ஒன்றை முகமாகக் கொண்ட பாடத்திட்டம், துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, ஓடு, பெரியவரிடம் சொல் என்று சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. அறிவுரையில் குறை ஒன்றும் இல்லை. பிள்ளை அதைக் கேட்டு நடக்குமா என்பதுதான் கேள்வி. 2001இல் குழந்தை மருத்துவ இதழான பீடியாட்ரிக்ஸில் வெளிவந்த ஆய்வு ஒன்றுக்காக 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்கள் இருவர் மூவராக ஓர் அறையில் விடப்பட்டனர். சுடும் திறன் நீக்கப்பட்ட உண்மைக் கைத்துப்பாக்கி ஒன்று அங்கே இழுப்பறைக்குள் இருந்தது. ஒருபுறம் மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் ஆய்வாளர்கள் நின்றனர். கால் மணி நேரத்துக்குள் 48 பேர் துப்பாக்கியைக் கண்டனர். அவர்களில் 30 பேர் கையில் எடுத்தனர். 16 பேர் விசையை இழுத்தனர். அவ்வாறு எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பற்றி ஏற்கெனவே அறிவுரை பெற்றவர்கள் என்பதே அந்த ஆய்வின் கசப்பான கண்டுபிடிப்பு. கழுகுப் பாடத்தைக் கற்ற சிறு குழந்தைகள் அதன் வாசகத்தைப் பிழையின்றி ஒப்பித்தாலும், தனியே விடப்பட்டபோது அதன்படி நடக்கவில்லை என்று 2004இல் மற்றோர் ஆய்வும் காட்டியது.

பெற்றோரின் நம்பிக்கையும் பல நேரங்களில் தவறாகிறது. அலபாமாவில் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே வினவிய 2006ஆம் ஆண்டின் ஆய்வில், துப்பாக்கி இருக்கும் இடம் தம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் பிள்ளைகள் அந்த இடத்தை அறிந்திருந்தனர். தம் பிள்ளை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்ற பெற்றோரில் 22 விழுக்காட்டினரின் பிள்ளைகள் தொட்டிருந்தனர். மறைத்து வைப்பது பாதுகாப்பு அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வீட்டில் ஒளித்து வைத்த தின்பண்டம் எங்கே இருக்கிறது என்பதை அறியாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் புதுப்பித்த கொள்கை அறிக்கை இந்தச் சான்றுகளின் மீதே நிற்கிறது. துப்பாக்கியே இல்லாத வீடுதான் பிள்ளைக்கு மிகப் பாதுகாப்பானது என்பதும், வைத்தே தீர்வதாயின் தோட்டாவை நீக்கித் துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் தனியே பூட்டிவைக்க வேண்டும் என்பதும் அக்கழகத்தின் நிலை. வாஷிங்டன், ஓரிகன், மிசௌரி மாநிலங்களில் பிள்ளைகள் துப்பாக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட அல்லது தவறிச் சுட்ட நிகழ்வுகளை டேவிட் கிராஸ்மன் குழுவினர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவுகளில், பூட்டிய துப்பாக்கி, தோட்டா நீக்கிய துப்பாக்கி, தனியே வைத்த தோட்டா, பூட்டிய தோட்டா ஆகிய நான்கும் ஒவ்வொன்றாகவே ஆபத்தைக் குறைத்தன. பூட்டு மட்டுமே அதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. ஆயினும் தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளில் 46 லட்சம் பிள்ளைகள் வாழ்கின்றனர் என்று 2015ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பு ஒன்று மதிப்பிட்டது.

தற்கொலையும் சில நிமிடங்களும்

பூட்டினால் விளையும் பெரும்பயன் தற்கொலைத் தடுப்பிலேயே கிடைக்கிறது. ஆனால் பொதுமக்கள் மிகவும் ஐயுறுவதும் அங்கேதான். சாக முடிவெடுத்தவர் ஒரு வழி அடைபட்டால் வேறு வழியைத் தேடிக்கொள்வார் என்பது உலகெங்கும் நிலவும் எண்ணம். ஹூஸ்டன் நகரில் தற்கொலை முயற்சியிலிருந்து மயிரிழையில் தப்பிய 13 முதல் 34 வயது வரையிலானோரை வினவியபோது, அவர்களில் நால்வரில் ஒருவருக்கு முடிவெடுத்த கணத்துக்கும் முயற்சிக்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. தேர்வுத் தோல்வி, காதல் முறிவு, வீட்டுச் சண்டை போன்றவற்றால் பதின்பருவத்தில் எழும் மனக்கொந்தளிப்பு எழுந்த வேகத்திலேயே அடங்கவும் கூடியது. முயற்சியிலிருந்து உயிர் தப்பியோரில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் நீண்டகால ஆய்வுகளின் முடிவு. ஆனால் துப்பாக்கியை எடுத்த முயற்சிகளில் ஏறத்தாழ அதே பங்கு மரணத்தில் முடிவதால், மனம் மாறுவதற்குரிய அவகாசம் அங்கே கிடைப்பதில்லை. பூட்டு அந்த அவகாசத்தைத் தருகிறது.

இந்த உண்மையை மெய்ப்பித்ததில் தமிழர் வாழும் நிலங்களுக்கும் பங்குண்டு. 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்றைக் கொண்டிருந்த இலங்கை, அவ்வாண்டு கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளையும் 1998இல் எண்டோசல்ஃபானையும் தடை செய்த பின், 2005க்குள் அவ்விகிதம் பாதியாகக் குறைந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் போரும் வறுமையும் நீடித்தன; பெரிதும் மாறியது கைக்கெட்டிய பொருளின் கொடுமையே. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், சென்னை ஸ்நேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும், உழவர்கள் தம் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொரு பெட்டிக்கும் இரு சாவிகள், ஒன்று உழவரிடமும் மற்றது பொறுப்பாளரிடமும் இருந்தன. இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார இறுதி விடுப்பில் வீடு செல்லும் இளம் படைவீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்று விதித்தவுடன் அவர்களிடையே தற்கொலை 40 விழுக்காடு குறைந்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

அலாஸ்காவில் வேட்டையாடி வாழும் தொல்குடிக் கிராமங்களில் துப்பாக்கியை விட்டுவிடச் சொல்வது உணவை விட்டுவிடச் சொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே கிராஸ்மன் குழுவினர் அறிவுரை சொல்வதோடு நில்லாமல், வீடுதோறும் இரும்பு அலமாரியைக் கொண்டுபோய்ச் சுவரில் பொருத்தியே கொடுத்தனர். ஓராண்டுக்குப் பின், அலமாரி பெற்ற வீடுகளில் பூட்டப்படாத துப்பாக்கி இருந்தவை 35 விழுக்காடாகவும், இன்னும் பெறாதவற்றில் 89 விழுக்காடாகவும் இருந்தன. அலாஸ்காவின் பனிக்கிராமத்துத் துப்பாக்கி அலமாரியும் காட்டுமன்னார்கோயிலின் பூச்சிமருந்துப் பெட்டியும் ஒரே கொள்கையின் இரு வடிவங்கள். குழந்தை மருத்துவர் பரிசோதனையின்போது துப்பாக்கிச் சேமிப்பைப் பற்றிச் சில நிமிடம் பேசி, துப்பாக்கியின் உட்பகுதி வழியாகக் கோத்துப் பூட்டும் கம்பிவடப் பூட்டையும் இலவசமாகக் கொடுத்தால் பெற்றோர் அதைப் பயன்படுத்துகின்றனர் என்பதும் 2008இல் நிறுவப்பட்டது. அறிவுரை தனியே போகும்போது பலன் குறைகிறது. பூட்டோடு சேர்ந்து போகும்போது கூடுகிறது.

அந்தச் சில நிமிடப் பேச்சையே குற்றமாக்க முயன்றது ஃப்ளோரிடா. வீட்டில் துப்பாக்கி உண்டா என்று நோயாளிகளிடம் தேவையின்றிக் கேட்கும் மருத்துவரைத் தண்டிக்கக்கூடிய சட்டம் அங்கே 2011இல் இயற்றப்பட்டது. மருத்துவரின் பேச்சுரிமைக்கு அது எதிரானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைச் செல்லாதனவாக்க 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டத்தால் ஆவது என்ன?

விந்தை என்னவெனில், பிள்ளையின் கைக்குத் துப்பாக்கி எட்டும்படி விட்ட பெரியவரைப் பொறுப்பாக்கும் சட்டத்தை 1989இல் நாட்டிலேயே முதலில் இயற்றியதும் இதே ஃப்ளோரிடாதான். குழந்தை அணுகல் தடுப்புச் சட்டம் எனப்படும் இந்த வகைச் சட்டம் பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. அதை இயற்றிய மாநிலங்களில் 15 வயதுக்குட்பட்டோர் தவறிச் சுடப்பட்டு இறப்பது 23 விழுக்காடு குறைந்தது என்று 1997இலும், 14 முதல் 17 வயதினரின் தற்கொலை 8 விழுக்காடு குறைந்தது என்று 2004இலும் ஆய்வுகள் வெளிவந்தன. பிள்ளை துப்பாக்கியை எடுத்த பிறகு மட்டும் தண்டிக்கும் சட்டத்தைவிட, எடுக்கக்கூடும் என்ற நிலையில் வைத்ததையே குற்றமாகக் கொள்ளும் சட்டம் வலிமையானது. 2020இல் வெளிவந்த ஆய்வின்படி, கவனக்குறைவான சேமிப்புக்குப் பொறுப்பாக்கும் சட்டவகை, 14 வயது வரையிலான பிள்ளைகளின் துப்பாக்கி மரணங்களை மொத்தமாகவே 13 விழுக்காடு குறைத்திருக்கிறது.

அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் இதற்குத் தடை என்று சொல்லப்படுவது முழு உண்மை அன்று. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008இல் தீர்ப்பளித்து, எந்நேரமும் பூட்டியே வைக்க வேண்டும் என்ற தலைநகர் வாஷிங்டனின் விதியை நீக்கிய உச்ச நீதிமன்றம், விபத்தைத் தடுப்பதற்கான சேமிப்புச் சட்டங்களைத் தன் தீர்ப்பு செல்லாதனவாக்கவில்லை என்று அதே தீர்ப்பில் தெளிவாகக் குறித்தது. உடையவர் தம் உடலோடு வைத்திருக்காத நேரத்தில் பூட்ட வேண்டும் என்ற சான் பிரான்சிஸ்கோவின் விதி 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலைத்ததும் அதனால்தான்.

மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் ஒருவன், தந்தை சில நாள் முன்னர் வாங்கித்தந்த கைத்துப்பாக்கியால் நான்கு மாணவர்களைக் கொன்ற வழக்கு இந்தச் சிந்தனையை ஒரு படி மேலே கொண்டுசென்றது. அவனுடைய தாயும் தந்தையும் 2024இல் தனித்தனி விசாரணைகளில் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, குறைந்தது பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். பள்ளிப் படுகொலைக்காகப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதன்முறை. பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்த ரகசியக் காவல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, துப்பாக்கியால் தாக்கிய மாணவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்தனர் என்று முன்பே எச்சரித்திருந்தது. ஆனாலும் தண்டனை, இறந்த பிள்ளைகளுக்குப் பின்னால்தான் வருகிறது. மிச்சிகனின் பாதுகாப்பான சேமிப்புச் சட்டமும் 2024 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தம் பிள்ளையைக் கண்ணெதிரே இழந்த பெற்றோரைச் சிறைக்கு அனுப்ப அரசு வழக்கறிஞர்கள் தயங்குவதையும், வழக்குகள் பெரும்பாலும் வறியவர் மீதே பாயக்கூடும் என்ற அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. இத்தகைய சட்டத்தின் மெய்யான பயன் சிறை நிரப்புவதில் இல்லை. பூட்டுவது கடமை என்பதைப் பொதுவழக்கமாக்குவதில் இருக்கிறது.

பூட்டு எட்டாத தெரு

மூன்றில் இரண்டு பங்கான கொலைகளுக்குப் பூட்டு அரைமருந்துதான். களவு போகும் துப்பாக்கிகளைக் குறைப்பதன் வழியே அது ஓரளவு உதவலாம். ஆயினும் சிகாகோவின் மேற்குப் புறத்திலோ பால்டிமோரின் கைவிடப்பட்ட தெருக்களிலோ பதினாறு வயதுப் பையன் துப்பாக்கி தூக்குவது பெரும்பாலும் அச்சத்தால், எதிரியிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதால். அங்கே பயன் தந்தவை வேறு வகை முயற்சிகள். சிகாகோவில் பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, சினம் தலைக்கேறும் கணத்தில் நின்று யோசிக்கப் பழக்கும் திட்டம், அதில் சேர்ந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகளை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. அந்நகரின் வறிய பகுதி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் எட்டு வார வேலை தந்த திட்டம், அடுத்த பதினாறு மாதங்களில் அத்தகைய கைதுகளை 43 விழுக்காடு குறைத்தது. பிலடெல்ஃபியாவில் குப்பைமேடாகக் கிடந்த காலி மனைகளைத் துப்புரவாக்கிப் புல் விதைத்து மரம் நட்டபோது, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. இவை குலுக்கல் முறையில் ஒப்பீட்டுக் குழுக்களைப் பிரித்து நடத்திய சோதனைகளின் முடிவுகள். எந்த அரசியல் அணியின் கற்பனையும் அல்ல.

உயிர் பிழைத்தவர்களையும் மறத்தலாகாது. துப்பாக்கிக் காயத்திலிருந்து மீண்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, மறு ஆண்டில் அவர்களிடையே நீடித்த வலி நோய்கள் இரு மடங்குக்கும் மேலாகவும், மனநல நோய்கள் 68 விழுக்காடும் கூடியதைக் கண்டது. அவர்களுடைய தாய்மார் மனநல மருத்துவரை நாடுவதும் 75 விழுக்காடு கூடியது.

கர்நாடகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட விவேக் மூர்த்தி, நாட்டின் தலைமை அறுவை மருத்துவர் என்ற பதவியில் இருந்தபோது, 2024 ஜூன் 25 அன்று துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்து, பாதுகாப்பான சேமிப்பையும் ஆராய்ச்சியையும் வலியுறுத்தினார். 2025 மார்ச்சில், ஆட்சி மாறிய பின், அந்த அறிக்கை சுகாதாரத் துறையின் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. அறிக்கையை அகற்றினாலும் அதிலிருந்த எண்கள் அகலப்போவதில்லை.

வாஷிங்டனில் எது நடந்தாலும் பெற்றோர் கையில் எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், ஒவ்வாமை பற்றியும் நாய் பற்றியும் நீச்சல்குளம் பற்றியும் விசாரிப்பதுபோலவே, பூட்டப்படாத துப்பாக்கி அந்த வீட்டில் உண்டா என்றும் கேட்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000 முதல் வலியுறுத்தி வருகின்றனர்; ஜூன் 21 அதற்கான நாளாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில், தம் வீட்டில் துப்பாக்கி இல்லை என்பதாலேயே இந்தச் செய்தி தமக்கு உரியதன்று என்று எண்ணுவோர் இருக்கலாம். அவர்களுடைய பிள்ளைகள் பிறந்தநாள் விருந்துக்கும் இரவுத் தங்கலுக்கும் போகும் வீடுகளோ பிறருடையவை. கேட்பது நாகரிகக் குறைவு என்ற கூச்சத்தை விட வேண்டும்; விடை மனநிறைவு தராவிட்டால், அந்தத் தோழனைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம். அங்கே மகனோ மகளோ இருக்கும் வாசகர்கள், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, பேரப்பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டாயிற்றா என்று விசாரியுங்கள்.